பிலோமினாவை வத்திக்கான் நீக்கியதா? மூன்று ஓடுகளிலிருந்து வளர்ந்த ஒரு மறைசாட்சியின் வரலாறு

ஆகஸ்டு 11 நெருங்கினால் புனித பிலோமினாவைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு செய்திகள் சுற்றத் தொடங்கும். ஒன்று, பதின்மூன்று வயதில் தியோக்ளேசியன் பேரரசனை எதிர்த்து நின்று தலை கொடுத்த கன்னியின் சரிதையும் நவநாள் செபமும். மற்றொன்று, "அப்படி ஒருவர் இருந்ததே இல்லை, 1961இலேயே வத்திக்கான் அவரது புனிதர் பட்டத்தைப் பறித்துவிட்டது" என்பது. வீட்டில் பாட்டிக்கோ அத்தைக்கோ பிலோமினா என்று பெயர் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். எதை நம்புவது என்று அவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

இரண்டு செய்திகளுமே பிழையானவை. சரிதையில் வரும் சம்பவங்களுக்கு 1833க்கு முந்தைய சான்று கிடையாது. பட்டத்தைப் பறித்தார்கள் என்பதும் தவறு, ஏனென்றால் பறிப்பதற்குப் பட்டம் என்ற ஒன்று வழங்கப்படவே இல்லை. உண்மையில் நடந்தது என்ன என்று தெரிய வேண்டுமானால் ரோமின் நிலத்தடிக் கல்லறை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. மறைசாட்சி: விசுவாசத்தை மறுதலிக்க மறுத்ததால் கொல்லப்பட்டவர். நம் பழைய செபப் புத்தகங்களில் வேதசாட்சி என்று இருக்கும். கிறிஸ்தவம் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட 313க்கு முந்தைய ரோமில் மறைசாட்சிகளைப் புனிதர் என்று அறிவிக்க எந்த விசாரணையும் கிடையாது. இறந்த நாளில் கல்லறையில் கூடி நினைவுகூர்ந்தார்கள், அதுவே அங்கீகாரம்.

2. புனிதர் பட்டம்: திருத்தந்தை முறையாக அறிவித்த முதல் பட்டம் 993இல், ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக்குக்கு. ஆகவே செபஸ்தியார், லவுரேஞ்சியார், ஆக்னஸ் போன்ற தொடக்கக்கால மறைசாட்சிகள் யாருக்கும் இன்றைய பொருளில் பட்டமளிப்பு நடக்கவில்லை. பிலோமினாவுக்கும் நடக்கவில்லை.

3. திருப்பண்டம்: புனிதரின் எலும்பு, உடை முதலிய எச்சங்கள்.

4. வழிபாட்டு நாட்காட்டி: எந்த நாளில் யாருடைய பெயரால் திருப்பலி என்று சொல்வது. இது இரண்டு வகை. உலகம் முழுவதற்குமான பொது நாட்காட்டி ஒன்று. நாடு, மறைமாவட்டம், துறவற சபை ஆகியவற்றுக்கான தனி நாட்காட்டிகள் மற்றொன்று.

5. ரோமை மறைசாட்சியர் நூல்: திருச்சபை ஏற்றுக்கொண்ட புனிதர், அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியில் இருப்பவர்) அனைவரின் பெயரும் நாள்வாரியாக இடம்பெறும் நூல். பெயர்தான் மறைசாட்சியர் நூல். மற்ற புனிதர்களும் இதில் உண்டு. நாட்காட்டியில் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் இதில் இருக்கிறார்கள்.

கடைசி இரண்டையும் ஒன்றாகப் பாவிப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

1802: பிரிசில்லா கல்லறையில் ஒரு குழி

ரோமின் வடக்கே சலாரியா சாலையின் அடியில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறை இருக்கிறது. மென்மையான எரிமலைப் பாறையில் குடைந்த நடைபாதைகள், எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சுவர்களில் அடுக்கடுக்காக நீள்சதுரப் பொந்துகள். துணியில் சுற்றிய உடலை அதில் கிடத்தி, வாயைப் பளிங்குப் பலகையாலோ சுட்ட ஓடுகளாலோ மூடி, விளிம்பெங்கும் சுண்ணச்சாந்து பூசிவிடுவார்கள். வசதி உள்ளவர்களுக்குப் பளிங்கில் வெட்டெழுத்து. இல்லாதவர்களுக்கு ஓட்டின்மேல் சிவப்பு மையில் பெயர். சாந்து ஈரமாக இருக்கும்போதே அதில் ஒரு காசையோ விளக்கையோ சின்னக் கண்ணாடிக் குப்பியையோ பதித்து வைக்கும் வழக்கமும் உண்டு. வெளிச்சமில்லாத நடைபாதையில், ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான பொந்துகளுக்கு நடுவே, தங்கள் வீட்டாருடைய குழியை அடையாளம் காண அது உதவியது.

இந்தக் கல்லறையில் 1802 மே 24 அன்று மூன்று ஓடுகளால் மூடிய ஒரு பொந்து கண்ணில் பட்டது. மறுநாள் திறந்தார்கள். ஓடுகளில் இலத்தீனில், இடமிருந்து வலமாக இப்படி எழுதியிருந்தது:

லுமேனா | பாக்ஸ்தே | கும்ஃபி

இந்த வரிசையில் படித்தால் பொருள் இல்லை. முதல் ஓட்டைத் தூக்கிக் கடைசியில் வைத்தால் "பாக்ஸ் தேகும் ஃபிலுமேனா" என்றாகிறது: பிலுமேனா, உனக்கு அமைதி உண்டாகுக. எழுத்துகளுக்கு இடையிடையே நங்கூரங்கள், அம்புகள், ஒரு குருத்தோலை, இலை என்றோ பூ என்றோ சொல்லத்தக்க ஒரு வடிவம். உள்ளே பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியுடையவை என்று மதிப்பிடப்பட்ட எலும்புகள். கூடவே உடைந்த கண்ணாடிக் குப்பி ஒன்றும், அதன் சுவரில் ஒட்டிக் காய்ந்த கருஞ்சிவப்புப் படிவும்.

கையில் இருந்த சான்று இவ்வளவுதான். மறைசாட்சி என்ற சொல் ஓட்டில் இல்லை. எந்த ஆண்டு, எந்தப் பேரரசன், என்ன தண்டனை என்று எதுவும் இல்லை.

மூன்று ஊகங்கள், மூன்றும் வழுக்கும் இடம்

இந்தச் சிறு சான்றிலிருந்து "கன்னி, மறைசாட்சி, பிலோமினா" என்ற முடிவுக்கு மூன்று படிகளில் போனார்கள்.

முதல் படி: குப்பியில் இருப்பது இரத்தம், ஆகவே உள்ளே இருப்பவர் மறைசாட்சி. இது அந்த அதிகாரிகள் தாங்களாகக் கண்டுபிடித்த வாதம் அல்ல. கல்லறைகளிலிருந்து எடுக்கும் உடல்களில் எவற்றை மறைசாட்சிகளுடையவை என்று கொள்ளலாம் என்பதற்கு ரோமில் 1668ஆம் ஆண்டிலேயே ஒரு விதி இருந்தது: குருத்தோலை அடையாளமும் இரத்தம் தோய்ந்த பாத்திரமும் உறுதியான சான்றுகள். 1802இல் அந்த விதிப்படிதான் நடந்தார்கள். விதியே பழுது என்பது பின்னால் தெரியவந்தது. கொடுமைகள் ஓய்ந்து பல பத்தாண்டுகள் கழித்துப் புதைக்கப்பட்ட சாதாரணக் கிறிஸ்தவர்களின் பொந்துகளிலும் ஓலையும் குப்பியும் தாராளமாகக் கிடைக்கின்றன. குப்பிகளில் பெரும்பாலும் வாசனைத் தைலம்தான் இருந்திருக்க வேண்டும் என்பது இன்றைய தொல்லியலாளர் பலரின் கருத்து. காய்ந்த தைலமும் கண்ணாடி அரிப்பும் சிவந்து கறுத்தால் வெறும் கண்ணுக்கு இரத்தம் போலவே இருக்கும். அன்று அதைப் பிரித்தறியும் வேதியியல் கையில் இல்லை.

இரண்டாம் படி: ஓட்டில் இருக்கும் பெயர் உள்ளே இருக்கும் எலும்புக்குரியது. ஓடுகள் வரிசை மாறி இருந்ததே இந்த இடத்தில் நின்று யோசிக்க வைத்திருக்க வேண்டிய விஷயம். இதற்குப் பின்னால் வருவோம்.

மூன்றாம் படி: சின்னங்கள் அவர் பட்ட பாடுகளின் படங்கள். நங்கூரம் இருந்தால் நங்கூரம் கட்டி ஆற்றில் எறிந்தார்கள், அம்பு இருந்தால் அம்பால் எய்தார்கள். தொடக்கக்காலக் கிறிஸ்தவக் கல்லறைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வாதம் செல்லாது. நங்கூரம் நம்பிக்கையின் சின்னம். அதில் சிலுவை வடிவமும் மறைந்திருப்பதால் பிரிசில்லா கல்லறையின் பழைய பகுதிகளில் அடிக்கடி வருகிறது. அம்பும் இலையும் பெரும்பாலும் சொற்களைப் பிரித்துக் காட்டும் அலங்காரங்கள், இன்று நாம் போடும் புள்ளி போல. இவையெல்லாம் சித்திரவதையின் படங்கள் என்றால், அங்கே புதைக்கப்பட்டவர்களில் கணிசமானோர் நங்கூரம் கட்டித்தான் செத்திருக்க வேண்டும்.

ஒரு மறைசாட்சிக்கு உண்மையில் எப்படிப்பட்ட தடயங்கள் எஞ்சும் என்பதோடு ஒப்பிட்டால் குறை இன்னும் தெளிவாகும். ரோமில் ஆண்டு நினைவு கொண்டாடப்பட்ட மறைசாட்சிகளின் பட்டியல் ஒன்று 354ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. செபஸ்தியார் அதில் உண்டு: சனவரி 20, இடம் அப்பியா சாலைக் கல்லறை. ஏழாம் நூற்றாண்டில் ரோமுக்கு வந்த பயணிகளுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிக் குறிப்புகள், எந்தச் சாலையில் எந்தக் கல்லறையில் யார் கிடக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்கின்றன. பிரிசில்லாவைப் பொறுத்தவரை பெலிக்ஸ், பிலிப்பு என்ற சகோதரர்களும் கிரெசென்சியானும் அங்கே அடக்கமான திருத்தந்தையரும் பேசப்படுகிறார்கள். பிலோமினா என்ற மறைசாட்சியின் பெயர் எதிலும் இல்லை. மக்கள் தேடிப்போகும் கல்லறையாக இருந்தால் அருகே படிக்கட்டையும் நடைபாதையையும் அகலப்படுத்தியிருப்பார்கள், பின்னால் எலும்புகளை நகருக்குள் இருக்கும் கோயில்களுக்கு எடுத்துப் போயிருப்பார்கள். இந்தக் குழியோ 1802 வரை யாரும் தொடாமல் கிடந்தது. அவ்வளவு காலம் தொடப்படாததை அன்று ஒரு சிறப்பாகக் கருதினார்கள். நிபுணர் கண்ணுக்கு அது எதிர்ச்சான்று.

முஞ்ஞானோவும் 1833இன் சரிதையும்

எலும்புகள் மூன்று ஆண்டுகள் ரோமில் திருப்பண்டக் காப்பறையில் கிடந்தன. நேப்பிள்ஸ் அருகே முஞ்ஞானோ தெல் கர்தினாலே என்ற சிற்றூரின் குரு பிரான்செஸ்கோ தே லூச்சியா 1805இல் தம் ஆலயத்துக்காக ஒரு மறைசாட்சியின் உடலைத் தேடி ரோம் வந்தார். அவருக்கு ஒரு நிபந்தனை இருந்தது: பெயர் தெரிந்த உடலாக இருக்க வேண்டும். காரணம் நடைமுறை சார்ந்தது. கல்லறைகளிலிருந்து எடுத்த உடல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடையாது. காப்பாளர்களே பெலிக்ஸ், விக்டர், கிளமெண்ட் என்று ஏதாவது பெயர் சூட்டி அனுப்புவார்கள். சொந்தப் பெயரோடு வரும் உடலுக்கு மதிப்பு அதிகம், கிடைப்பதும் அரிது. போதென்சா ஆயரின் பரிந்துரையால் பிலோமினா அவருக்குக் கிடைத்தது. எலும்புகளைப் படுத்த நிலையில் இருக்கும் சுரூபம் ஒன்றுக்குள் பொருத்தி, பட்டாடை உடுத்தி, 1805 ஆகஸ்டு 10 அன்று முஞ்ஞானோவுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்தே குணமான செய்திகள் பரவின.

கோயில் இருக்கிறது, திருவிழா இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. சொல்வதற்குச் சரிதை மட்டும் இல்லை. அந்த இடைவெளியை 1833இல் நேப்பிள்ஸைச் சேர்ந்த தோமினிக்கன் மூன்றாம் சபைத் துறவி மரியா லூயிசா நிரப்பினார். பிலோமினாவே தமக்கு வெளிப்படுத்தியதாக அவர் சொன்ன கதை சுருக்கமாக இது:

கிரேக்க நாட்டுச் சிற்றரசன் ஒருவனுக்குப் பிள்ளை இல்லை. அவனும் மனைவியும் கிறிஸ்தவரானதும் பிறந்த மகள் பிலோமினா. பதின்மூன்று வயதில், போர் அச்சுறுத்தலால் சமாதானம் பேச ரோமுக்குப் போன பெற்றோர் அவளையும் அழைத்துப் போனார்கள். தியோக்ளேசியன் அவளைக் கண்டதும் மணக்கக் கேட்டான். கன்னிமையைக் கடவுளுக்கு நேர்ந்துகொண்ட அவள் மறுத்தாள். சிறை, கசையடி, வானதூதர்கள் குணப்படுத்தினார்கள். கழுத்தில் நங்கூரம் கட்டித் தைபர் ஆற்றில் எறிந்தார்கள். தூதர்கள் கயிற்றை அறுத்துக் கரைசேர்த்தார்கள். அம்பெய்தார்கள், புண் ஆறிற்று. நெருப்பில் காய்ச்சிய அம்பெய்தார்கள். அவை திரும்பி வில்லாளர் அறுவரைக் கொன்றன. கடைசியில் ஆகஸ்டு 10, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குத் தலை வெட்டப்பட்டது.

ஓடுகளில் இருந்த நங்கூரமும் அம்பும் கதையில் அப்படியே காட்சிகளாகிவிட்டதைக் கவனியுங்கள். எலும்புகள் முஞ்ஞானோவுக்கு வந்த நாளும் இறந்த நாளும் ஒன்றாகிவிட்டன.

வரலாற்றோடு உரசிப் பார்த்தால் நிற்காத இடங்கள்:

1. தியோக்ளேசியன் ஆண்டது பெரும்பாலும் கிழக்கே நிக்கோமேதியாவிலிருந்து. ஆட்சிக்காலத்தில் அவன் ரோமில் இருந்ததாக ஐயமின்றித் தெரிவது, இருபதாம் ஆண்டு விழாவுக்கு வந்த 303 நவம்பர், திசம்பர் மாதங்கள். ஆகஸ்டு மாதத்தில் ரோமில் அரசவை கூட்டி ஒரு பெண்ணுக்கு அடுத்தடுத்துத் தண்டனை விதிக்க அவன் அங்கே இல்லை.

2. அவனுக்குப் பிரிஸ்கா என்ற மனைவி இருந்தாள். கணவன் இறந்த பிறகும் உயிரோடு இருந்தவள்.

3. கிரேக்க நாடு அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ரோமின் ஆட்சிக்குள் இருந்தது. பேரரசனோடு போர் சமாதானம் பேசும் அரசன் அங்கே இருக்க வழியில்லை.

4. ஆற்றில் தள்ளல், தூதர் காத்தல், அம்பு திரும்பல், முடிவில் தலைவெட்டு என்ற இந்த அடுக்கு ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து எழுதப்பட்ட எத்தனையோ மறைசாட்சிச் சரிதைகளின் வாய்ப்பாடு. அற்புதங்கள் எல்லா ஆயுதங்களையும் தடுக்கும், வாளை மட்டும் தடுக்காது. வாளும் தோற்றால் கதை முடியாதே!

துறவி பொய் சொன்னார் என்று கொள்ள வேண்டியதில்லை. இந்த வாய்ப்பாட்டைச் சிறுவயது முதல் பிரசங்கத்திலும் புத்தகத்திலும் கேட்டு வளர்ந்தவரின் தியானத்தில் அதே அச்சில் கதை எழுவது இயல்பு. விசுவாசக் கோட்பாடுகளைக் கண்காணிக்கும் ரோமின் திருப்பேராயம் அதே ஆண்டு திசம்பரில் இதை அச்சிட அனுமதித்தது. அத்தகைய அனுமதிக்கு "விசுவாசத்துக்கு முரணாக எதுவும் இல்லை" என்பதுதான் பொருள். "இது நடந்தது" என்று அது சான்றளிப்பதில்லை. நவநாள் புத்தகங்களின் முன்பக்கத்தில் உள்ள ஆயர் அனுமதிக்கும் இதே அளவுதான் வலிமை.

பக்தி பரவிய வேகம்

முஞ்ஞானோவைத் தாண்டி பிலோமினாவை உலகறியச் செய்தவர்கள் இருவர், இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். லியோன் நகரத்துப் பவுலின் ஜரிக்கோ, மிஷன்களுக்குக் காசு திரட்டும் விசுவாசப் பரப்புதல் சங்கத்தை 1822இல் தொடங்கியவர். கடும் இதய நோயோடு முஞ்ஞானோவுக்குத் தூக்கிவரப்பட்ட அவர் 1835 ஆகஸ்டு 10 அன்று எழுந்து நடந்தார். வழியில் ரோமில் அவரைச் சாகக் கிடக்கும் நிலையில் பார்த்திருந்த திருத்தந்தை 16ஆம் கிரகோரி, திரும்பி வந்தவரை நேரில் பார்த்து வியந்தார். 1837இல் பிலோமினாவின் திருவிழாவைக் கொண்டாடச் சில இடங்களுக்கு அனுமதி கிடைத்தது. நாள் ஆகஸ்டு 11. மற்றவர் ஆர்ஸ் ஊரின் பங்குக் குரு ஜான் மரிய வியான்னி. பவுலின் தந்த திருப்பண்டத்தை வைத்துத் தம் கோயிலில் பீடம் எழுப்பினார். தம்மிடம் நடந்த குணமாதல்களையெல்லாம் "பிலோமினா செய்தது" என்று அவள்மேல் போட்டுவிடுவார்.

பவுலினின் சங்கம் திரட்டிய பணம் நம் பக்கத்து மிஷன்களுக்கும் வந்தது. புதுச்சேரியிலும் மைசூரிலும் பாரிஸ் மிஷன் குருக்களும், மதுரை மிஷனில் பிரெஞ்சு இயேசு சபையினரும் உழைத்த காலம் அது. பிலோமினா, பிலோமினம்மாள் என்ற பெயர்கள் தமிழ்க் குடும்பங்களுக்குள் வந்த வழியை இதிலிருந்து ஊகிக்கலாம்.

1837 அனுமதியை நுட்பமாகப் பார்க்க வேண்டும். அது தனி நாட்காட்டிகளுக்கான அனுமதி. பொது நாட்காட்டியில் அவருக்கு எப்போதும் இடம் இருந்ததில்லை. ரோமை மறைசாட்சியர் நூலிலும் முஞ்ஞானோவின் பிலோமினா சேர்க்கப்படவில்லை.

மருக்கியின் கேள்வி: ஓடுகள் ஏன் வரிசை மாறின?

ரோமின் கல்லறைகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஒராசியோ மருக்கி 1904இல் இந்த வினாவை நேரடியாக எடுத்தார். அதுவரை சொல்லப்பட்ட விடை எளிமையானது: எழுதப் படிக்கத் தெரியாத குழிவெட்டி அவசரத்தில் மாற்றிப் பதித்துவிட்டான். மருக்கி வைத்த வாதம் இப்படிப் போகிறது:

1. சிவப்பு மையில் ஓட்டின்மேல் எழுதும் முறை, "பாக்ஸ் தேகும்" வாழ்த்து, நங்கூரச் சின்னம் மூன்றும் சேர்ந்து வருவது பிரிசில்லாவின் மிகப் பழைய அடக்கங்களில். அதாவது இரண்டாம் நூற்றாண்டு.

2. எலும்புகள் கிடந்த பொந்து வெட்டப்பட்டதோ பிற்காலத்தில், நான்காம் நூற்றாண்டு வாக்கில்.

3. பழைய குழிகளின் ஓடுகளையும் பலகைகளையும் கழற்றிப் புதிய குழிகளுக்குப் பயன்படுத்துவது அங்கே வாடிக்கை. அப்படிச் செய்யும்போது பழைய பெயர் புதிய ஆளுக்கு ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுத்தைத் தலைகீழாகவோ உட்புறமாகவோ வரிசை மாற்றியோ பதிப்பார்கள்.

4. ஆகவே பிலுமேனா என்பவர் இரண்டாம் நூற்றாண்டில் அமைதியாகப் புதைக்கப்பட்ட ஒரு கிறிஸ்தவப் பெண். 1802இல் கிடைத்த சிறுமி, சுமார் இருநூறு ஆண்டுகள் பிந்திய, பெயர் தெரியாத இன்னொருத்தி.

நான்காம் புள்ளி சரியென்றால் முஞ்ஞானோவில் இருக்கும் எலும்புக்கும் பிலோமினா என்ற பெயருக்கும் உள்ள தொடர்பே அறுந்துபோகிறது. பக்தர்கள் சும்மா இருக்கவில்லை. மறுப்பு நூல்கள் வந்தன. எலும்புகள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்த 2005இல், ஓடுகளைச் சோதித்த ஃப்ளோரன்ஸ் நகரத்துக் கலைப்பொருள் பாதுகாப்பு நிறுவனமான ஓப்பிஃபீச்சோ தெல்லே பியேத்ரே தூரேயின் முடிவு முன்வைக்கப்பட்டது: ஓடுகளில் ஒரே வகைச் சாந்தின் தடயம்தான் இருக்கிறது. மறுபயன்பாடு நடந்திருந்தால் இரண்டு காலத்துச் சாந்து இருக்க வேண்டும் என்பதால், ஓடுகள் ஒருமுறைதான் பதிக்கப்பட்டன என்பது பக்தர் தரப்பின் வாதம்.

இந்தச் சோதனையை அலட்சியம் செய்வது நியாயமில்லை. அதே சமயம் அதன் எல்லையையும் பார்க்க வேண்டும். பழைய சாந்தைச் சுரண்டிவிட்டுப் பதித்திருந்தால் தடயம் மிஞ்சாது. வாதம் முழுவதையும் ஏற்றாலும் கிடைப்பது "உள்ளே இருந்த சிறுமியின் பெயர் பிலுமேனா" என்பது மட்டும். அவள் கொல்லப்பட்டாள் என்பதற்கு ஆதாரம் குப்பியும் ஓலையும்தான். அவை இரண்டும் முன்பே விழுந்துவிட்டன. என் பார்வையில், மருக்கி எழுப்பிய மறுபயன்பாட்டுச் சர்ச்சைக்கு இரு தரப்பும் தேவைக்கு மீறி எடை கொடுத்துவிட்டார்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் குப்பியில்.

1961இல் நடந்தது என்ன?

1960இல் திருவழிபாட்டு விதிகள் சுருக்கித் தொகுக்கப்பட்டன. அதையொட்டி ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் தனி நாட்காட்டியைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. எப்படிச் செய்வது என்று வத்திக்கானில் வழிபாட்டைக் கவனித்த திருச்சடங்குகள் பேராயம் 1961 பெப்ருவரி 14 அன்று ஓர் அறிவுறுத்தல் தந்தது. அதில் ஒரே ஒரு வரி: ஆகஸ்டு 11இன் புனித பிலோமினா திருவிழா எல்லா நாட்காட்டிகளிலிருந்தும் நீக்கப்படட்டும். அந்த வரியிலேயே அவர் "கன்னி, மறைசாட்சி, புனித" என்ற அடைமொழிகளோடுதான் குறிக்கப்படுகிறார். அவர் இல்லை என்றோ பக்தி தவறு என்றோ ஒரு சொல்லும் இல்லை. பத்திரிகைகள்தாம் அதைப் பட்டம் பறிப்பு என்று எழுதின.

இதை 1969 சீர்திருத்தத்தோடு சேர்த்துக் குழப்புவோரும் உண்டு. "கிறிஸ்டோபரையும் பிலோமினாவையும் ஒரே நாளில் தூக்கினார்கள்" என்ற வாசகம் அடிக்கடி வரும். 1969 நடவடிக்கை திருத்தந்தை 6ஆம் பவுலுடையது. அதுவும் பெப்ருவரி 14 தேதியிட்டது என்பது வேடிக்கையான பொருத்தம், ஏனென்றால் அந்த நாளுக்குரிய வாலண்டைனே பொது நாட்காட்டியிலிருந்து வெளியேறியவர்களில் ஒருவர். வேறுபாடு இதுதான்: கிறிஸ்டோபரும் வாலண்டைனும் பொது நாட்காட்டியை விட்டு வந்தாலும் மறைசாட்சியர் நூலில் இருக்கிறார்கள், உள்ளூர்களில் அவர்களைக் கொண்டாடத் தடையில்லை. அலெக்சாந்திரியாவின் கத்தரீன் அப்போது போய் 2002இல் திரும்பியும் வந்துவிட்டார். பிலோமினா விஷயத்தில் தனி நாட்காட்டிகளில் இருந்த ஒரே இடமும் போயிற்று. திரும்பிப் போய் நிற்க நூலிலும் இடமில்லை. ஆகவே 1961 அளவில் சிறியது, விளைவில் பெரியது.

"வியான்னிக்கும் பவுலினுக்கும் அற்புதம் நடந்ததே, அது பொய்யா?" என்ற கேள்வி எப்போதும் வரும். வியான்னி 1925இல் புனிதரானார், பவுலின் 2022 மே 22 அன்று லியோனில் அருளாளரானார். இந்த அறிவிப்புகள் அவர்களுடைய வாழ்வைப் பற்றியவை. அவர்கள் வேண்டிக்கொண்ட ஒருவரின் வரலாற்றைச் சான்றளிப்பவை அல்ல. விசுவாசிகளின் கண்ணோட்டத்திலேயே பேசினாலும், செபத்தைக் கேட்டவர் கடவுள். குழியில் இருந்தவரின் பெயரும் இறந்த விதமும் சரியாகத் தெரிந்தால்தான் கேட்பார் என்று எந்த மறைக்கல்வியும் சொல்லவில்லை.

பங்கு அளவில் இதன் விளைவு

திருப்பலி: ஆகஸ்டு 11 இப்போது அசிசியின் புனித கிளாராவின் நினைவு. குரு அணிவது வெண்ணிற உடை. மறைசாட்சிக்குரிய சிவப்பு கிடையாது. பிலோமினாவுக்கென்று திருப்பலி நூலில் மன்றாட்டும் இல்லை. அந்த நாளில் பிலோமினா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி நவநாள் சொல்வது தனிப்பட்ட பக்தி. அதை 1961 வரி தொடவில்லை.

கோயில் பெயர்: புதிய கோயிலின் பாதுகாவலராக மறைசாட்சியர் நூலில் உள்ள புனிதரைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்பது இன்றைய ஆலய அர்ச்சிப்பு முறையின் விதி. எனவே புதிதாகக் கட்டும் கோயிலுக்கு இந்தப் பெயர் கிடைப்பது கடினம். ஏற்கெனவே சூட்டிய பெயரை மாற்றச் சொல்லும் கட்டளை இல்லை. மைசூர்ப் பேராலயம் கண்ணெதிரே இருக்கும் உதாரணம். மகாராஜாவின் செயலராக இருந்த தம்பு செட்டி, திருத்தந்தையின் பிரதிநிதி பீட்டர் பிசானியிடமிருந்து 1926இல் பிலோமினாவின் திருப்பண்டம் ஒன்றைப் பெற்றார். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1933 அக்டோபர் 28 அன்று அடிக்கல் நாட்டினார். கொலோன் பேராலயத்தின் சாயலில் 175 அடி உயர இரட்டைக் கோபுரங்களோடு எழுந்த கட்டடத்தின் முறையான பெயரில் சூசையப்பரும் பிலோமினாவும் சேர்ந்தே இருக்கிறார்கள். பீடத்துக்குக் கீழே நிலவறையில், முஞ்ஞானோவில் போலவே படுத்த நிலையில், பிலோமினாவின் சுரூபம். 1961க்குப் பிறகும் அங்கே கூட்டம் குறையவில்லை.

ஞானஸ்நானப் பெயர்: திருச்சபைச் சட்டம் கேட்பது, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது என்பதை மட்டும். பிலோமினா என்று குழந்தைக்குப் பெயர் வைக்க எந்தத் தடையும் இல்லை. நாமவிழாவை எந்த நாளில் கொண்டாடுவது என்று கேட்பவர்கள், வீட்டு வழக்கப்படி ஆகஸ்டு 11ஐயே வைத்துக்கொள்ளலாம். அன்று பூசைக்குப் போனால் காதில் விழும் பெயர் கிளாராவுடையதாக இருக்கும்.